காய்ச்சலில் இறங்கிய கொலஸ்ட்ரால்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். 8 ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்குவதற்கு முன்பு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 4.8 மில்லிமோல்/லிட்டர் இருந்தது (மற்றக் கொழுப்பு எண்களும் இதே அலகில்). ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எடுத்துவந்தேன். ஜனவரியில் மொத்தக் கொலஸ்ட்ரால் 4.6, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 1.1, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 1.5, எல்டிஎல் 2.8. மூன்று வாரங்களுக்கு முன்பு டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்ந்தேன். கல்லீரல் நொதி ஏஎல்டி 210 என்று மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்திய ஐந்தாம் நாள், அதாவது காய்ச்சல் தொடங்கிய ஒன்பதாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தம் 3.2, எச்டிஎல் 0.7, டிரைகிளிசரைடு 2.6, எல்டிஎல் 1.3. மாத்திரை இல்லாமலேயே இவ்வளவு இறங்கிவிட்டதே, இனியும் அது வேண்டுமா? என் மனைவிக்கு (53) நேர்மாறான பிரச்சினை. அவருக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு அழற்சி). அதற்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்துடன் 4 மாதமாக டோசிலிசுமாப் ஊசியும் போட்டுக்கொள்கிறார். வீக்கம் போய்விட்டது, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 48லிருந்து 2க்கு வந்துவிட்டது. ஆனால் கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தவறாமல் எடுத்தும் எல்டிஎல் 2.3லிருந்து 3.1 ஆகிவிட்டது. ஊசியை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

பதில்: மாத்திரையையும் விட வேண்டாம், ஊசியையும் விட வேண்டாம். உங்களுக்கு எல்டிஎல் இறங்கியதற்கும் உங்கள் மனைவிக்கு ஏறியதற்கும் முக்கியக் காரணம் ஒன்றே: அழற்சி, அதாவது நோய் எதிர்ப்பு அமைப்பு கொதித்தெழுவது. உங்களுக்கு அது வந்தது, அவருக்கு அடங்கியது.

முதலில் உங்கள் அறிக்கை. ஜனவரி முடிவையும் டெங்கு நேரத்து முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரிசோதனை முடிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப் செயலியில் இரண்டும் இருக்கும். எல்டிஎல்லைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்து வருவதையும் கழித்தால் மிஞ்சுவது எல்டிஎல். ஜனவரியில் 4.6 − 1.1 − 0.7 = 2.8. டெங்குவில் 3.2 − 0.7 − 1.2 = 1.3. டிரைகிளிசரைடு ஏறியதால் கழிக்கும் தொகையும் பெரிதாகிவிட்டது, கவனித்தீர்களா? இப்போது எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள். ஜனவரியில் 3.5, டெங்குவில் 2.5. ரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் மொத்தமும் இந்த எண்ணில் அடங்கும். எல்டிஎல் 1.5 குறைந்ததாக அறிக்கை சொன்னாலும், உண்மையில் குறைந்தது 1.0தான். மீதி 0.5 உடம்பைவிட்டு எங்கும் போகவில்லை. டிரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் விஎல்டிஎல் துகள்களுக்கு இடம் மாறியிருக்கிறது.

அந்த 1.0 குறைவு எப்படி வந்தது? "மாத்திரை இல்லாமலேயே" என்கிறீர்கள், ஆனால் நிறுத்தி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ரோசுவாஸ்டாட்டின் ரத்தத்திலிருந்து போன பிறகும், எல்டிஎல் பழைய 4.8க்குத் திரும்பச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே மாத்திரையின் பலன் அந்த அறிக்கையில் இன்னும் இருக்கிறது. அதன் மேல் டெங்குவின் வேலை. டெங்குவில் எல்டிஎல்லும் எச்டிஎல்லும் இறங்கும், நோய் கடுமையாக ஆக இன்னும் இறங்கும். கல்லீரல் சோர்ந்திருக்கிறது, சாப்பாடு சரியாக இல்லை, நுண் ரத்தக் குழாய்கள் கசிவதால் புரதத்தோடு கொழுப்புத் துகள்களும் வெளியேறுகின்றன. இவற்றோடு அழற்சி மூலக்கூறுகளின் நேரடி விளைவும் சேர்கிறது.

இந்த விளைவைப் பல ஆண்டுகளாகத் துருவி ஆராய்ந்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கென்னத் ஃபைன்கோல்டும் கார்ல் குருன்ஃபெல்டும். 1980களில் அவர்கள் எலிகளுக்கு டிஎன்எஃப் என்ற அழற்சி மூலக்கூறைச் செலுத்திப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறியது. கல்லீரல் கூடுதலாகக் கொழுப்பைத் தயாரித்து விஎல்டிஎல்லாக ரத்தத்தில் விட்டதுதான் காரணம். கிருமியோடு போராடும் உடல் ஏன் கொழுப்பை அனுப்ப வேண்டும்? இந்தத் துகள்கள் சிலவகை பாக்டீரியாக்களின் நச்சை ஒட்டிப் பிடித்து அதன் வீரியத்தைக் குறைக்கின்றன. ஆக, சில நாள்களுக்கு இது தற்காப்பு. மாதக்கணக்கில் நீடித்தால்தான் ரத்தக் குழாய்க்குக் கேடு.

இணையத்தில் தேடுபவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. எலியில் அழற்சி வந்தால் மொத்தக் கொலஸ்ட்ரால் ஏறும். மனிதருக்கும் குரங்குக்கும் இறங்கும். எலி ஆய்வை மட்டும் படித்துவிட்டு "அழற்சி கொலஸ்ட்ராலைக் கூட்டும்" என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். டிரைகிளிசரைடு மட்டும் எல்லாரிடமும் ஏறுகிறது.

உங்கள் முடிவில் என் கண்ணில் முதலில் பட்டது எல்டிஎல் இல்லை, எச்டிஎல் 0.7தான். எச்டிஎல் துகளை ஏபோ ஏ-1 என்ற புரதம் இடுப்பு வார் போலச் சுற்றிக் கட்டியிருக்கும். ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள செல்களிலிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ள இந்தப் புரதம் வேண்டும். அழற்சி வந்தால் கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற வேறொரு புரதத்தைக் கொட்டுகிறது. கடும் தொற்றில் அது 1000 மடங்கு வரைகூட உயரும். அது எச்டிஎல்லில் ஏறி உட்கார்ந்து ஏபோ ஏ-1ஐ வெளியே தள்ளிவிடும். வாங்கிய கொலஸ்ட்ராலைத் துகளுக்குள் பதப்படுத்தி வைக்கும் எல்கேட் நொதியும் குறைகிறது, எல்டிஎல் கெட்டுப்போகாமல் காக்கும் பாராக்சோனேஸ் நொதியும் குறைகிறது. அளவு குறைந்ததோடு, இருக்கும் எச்டிஎல்லும் பாதி வேலைதான் செய்கிறது. அதே சமயம் டிரைகிளிசரைடு மிகுந்திருக்கும்போது எல்டிஎல் துகள்கள் சின்னதாக, அடர்த்தியாக மாறும். அவை குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும், எளிதாக ஆக்சிஜனேற்றம் அடையும்.

அதனால் தொற்றுக் காலத்தில் எண் அழகாக இருந்தாலும் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது. கனடாவில் 2018ல் வெளியான ஆய்வில், சளிக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வழக்கத்தைவிட 6 மடங்கு அதிகமாக இருந்தது. டெங்கு அதே அளவுக்கு என்று சொல்ல வரவில்லை. நீரிழிவு உள்ள 56 வயதுக்காரர் 1.3ஐப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். சிங்கப்பூரில் இதயநோய் அபாயத்தைக் கணிக்கும் அட்டவணையில் இனமும் ஒரு கூறு. மற்ற எல்லாம் சமமாக இருந்தாலும் இந்தியர்களுக்கு அபாயம் கூடுதலாகவே வரும். நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், இடது கைக்குப் பரவும் வலி வந்தால் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. இந்த வாரமே குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ ஏஎல்டி மட்டும் மறுபடி பாருங்கள். பொதுவாக அது அறிக்கையில் அச்சிட்டிருக்கும் மேல் வரம்பின் 3 மடங்குக்குக் கீழே வந்து, தொடர்ந்து இறங்கிக்கொண்டும், நீங்கள் பழையபடி சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால் ரோசுவாஸ்டாட்டினை அதே 10 மில்லிகிராமில் திரும்பத் தொடங்கலாம். "தொடங்குங்கள்" என்று மருத்துவர் சொல்ல வேண்டும், நீங்களாக வேண்டாம். நிறுத்தி வைக்கச் சொன்ன மாத்திரையை யாரும் திரும்ப எழுதாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் மருந்துப் பட்டியலில் அது இருக்காது, அடுத்து பார்க்கும் மருத்துவர் அந்தப் பட்டியலையே நகலெடுப்பார். பழைய மருந்து உறையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கொழுப்புப் பரிசோதனையை இப்போது எடுக்காதீர்கள். மாத்திரையைத் திரும்பத் தொடங்கி 8 வாரம் கழித்து எடுங்கள். அதற்குள் அழற்சியும் அடங்கியிருக்கும், மாத்திரையும் முழுப் பலன் காட்டியிருக்கும். இடையில் சளி, பல் வேர் சீழ், தோல் கட்டி என்று ஏதாவது வந்தால், தேதியைத் தள்ளிப் போடுங்கள். மாரடைப்பிலும் இதே நிலைதான். அனுமதித்த முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் உண்மையான எல்டிஎல் கிடைக்கும், அதன் பிறகு இறங்கத் தொடங்கிவிடும். உங்களுக்கு டிரைகிளிசரைடு ஏறியிருப்பதால் இம்முறை 10 மணி நேரம் வெறும் வயிறாக இருந்து எடுப்பது நல்லது. தண்ணீர் குடிக்கலாம், காலைக் கோப்பி வேண்டாம். நீரிழிவு மாத்திரை அல்லது ஊசியை அன்று காலை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெங்கு என்றதும் வீட்டில் எல்லாரும் அடுக்கி வைக்கும் ஐசோடானிக் பானத்தையும் சீனி போட்ட பார்லியையும் காய்ச்சல் விட்ட பிறகும் குடித்துக்கொண்டிருந்தால், டிரைகிளிசரைடு ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு. இப்போது நிறுத்திவிடுங்கள். "இயற்கை மாற்று" என்று யாராவது சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை தந்தால் வாங்காதீர்கள். அதில் உள்ள மோனகோலின் கே, லோவாஸ்டாட்டின் மருந்தேதான், அளவுதான் தெரியாது. கல்லீரல் தேறிவரும் நேரத்தில் மஞ்சள் சாரக் குளிகையும் வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள் தாராளமாகப் போடுங்கள்.

இன்னொன்று: நோய்க்கு முன்பிருந்த 2.8ம் உங்களுக்குப் போதாது. நீரிழிவு உள்ளவருக்கு 2.6க்குக் கீழாவது வர வேண்டும். சிறுநீரகம் பாதித்திருந்தால் இன்னும் கீழே. 8 வாரப் பரிசோதனையில் மறுபடி 2.8 வந்தால், அளவைக் கூட்டுவதா, எஸெடிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்ப்பதா என்று கேளுங்கள்.

உங்கள் மனைவியின் கதை இதன் மறுபக்கம். முடக்குவாதம் கொதித்துக்கொண்டிருக்கும்போது எல்டிஎல் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயம் அதிகம். அதனால்தான் அபாயக் கணக்கை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் பரிந்துரை. டோசிலிசுமாப் ஊசி இன்டர்லூகின்-6 என்ற அழற்சி மூலக்கூறின் வேலையைத் தடுக்கிறது. நோய் தீவிரமாக இருந்தவர்களை ஊசிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தபோது, எல்டிஎல் உற்பத்தி கூடவில்லை. முன்பு அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது வழக்கமான வேகத்துக்குத் திரும்பியிருந்தது. அவருடைய 2.3 நோய் மறைத்து வைத்திருந்த எண். 3.1தான் அவருடைய உண்மையான எண்ணுக்கு அருகில் இருப்பது. டோசிலிசுமாப்பையும் எடனர்செப்ட் என்ற இன்னொரு முடக்குவாத ஊசியையும் ஒப்பிட்ட என்ட்ராக்ட் ஆய்வில், டோசிலிசுமாப் பிரிவில் எல்டிஎல் 11 விழுக்காடு கூடுதலாக இருந்தும் மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கை குறிப்பிடும்படி வேறுபடவில்லை.

ஆனால் 3.1ஐ அப்படியே விட்டுவிடவும் கூடாது. இங்கே பலர் தவறவிடும் ஒரு விவரம் இருக்கிறது. சிம்வாஸ்டாட்டினை உடைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி. அழற்சி இருந்தவரை இன்டர்லூகின்-6 அந்த நொதியை அமுக்கி வைத்திருந்தது, அதனால் 20 மில்லிகிராம் மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகவே நின்றது. ஊசி போட்டதும் நொதி விழித்துக்கொண்டது. ஒரே ஒரு ஊசிக்கு ஒரு வாரம் கழித்து, ரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் 57 விழுக்காடு குறைந்ததாக அளந்திருக்கிறார்கள். அவர் மாத்திரையைத் தவறவிடவில்லை. மாத்திரைதான் அவரிடம் முன்போல் நிற்கவில்லை. இந்த நொதியைப் பெரிதாக நம்பியிராத ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாமா என்று வாதநோய் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் இருப்பதால் ஏஎல்டியையும் சேர்த்துப் பார்ப்பார். மாற்றி 8 வாரத்தில் மறு பரிசோதனை.

அவருடைய சிஆர்பி 2 என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சிஆர்பியைக் கல்லீரல் தயாரிப்பதே இன்டர்லூகின்-6 சொல்லித்தான். அதைத் தடுத்துவிட்டால் உள்ளே நிமோனியா இருந்தாலும் சிஆர்பி ஏறாமல் போகலாம், காய்ச்சலும் மங்கலாகவே இருக்கலாம். அவருக்கு உடம்பு சுடுவது, இருமல், சிறுநீர் எரிச்சல், கடும் வயிற்று வலி எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடுவதற்கு முன்பு சிகிச்சை தரும் மருத்துவமனையை அழையுங்கள். வேறு மருந்தகத்துக்குப் போனால், நுழைந்ததும் ஊசியின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சிஆர்பி சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், டோசிலிசுமாப்பில் அந்த எண்ணை நம்ப முடியாது என்று சொல்லத் தயங்க வேண்டாம்.