புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்!

டீச்சரம்மா பதில்கள்

(சேலத்தில் அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு வந்த கடிதங்களில் சில.)

என் வீட்டுக்காரர் தறி நெய்கிறார். நான் தறிக்கு நூல் (தார்) சுற்றுகிறேன். மகன் ஏழாவது. ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை புத்தகமும் கையுமாக உட்கார்ந்து சத்தமாகத்தான் படிக்கிறான். கேட்டால், "எல்லாம் படிச்சிட்டேம்மா" என்கிறான். பரீட்சைத் தாளிலோ பாதிப் பக்கம் காலி. நான் ஆறாவதோடு நின்றவள். எனக்கு எதுவும் தெரியாதே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

நீங்கள் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம் அம்மா. அதற்குப் பள்ளிக்கூடத்தில் ஆள் இருக்கிறது. நீங்கள் கேட்டால் போதும்.

பையன் பொய் சொல்லவில்லை, அதை முதலில் நம்புங்கள். ஒரே பக்கத்தை நாலைந்து தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். புத்தகம் கண் முன்னால் இருக்கிற வரைக்கும் அப்படித்தான். பரீட்சை ஹாலில் புத்தகம் இல்லை, கேள்வித்தாள் மட்டும்தான். இல்லாத புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்கிற பழக்கம் அவனுக்கு வீட்டில் ஒரு நாளும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் இதைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பாடத்தைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை மாறிவிட்டது. மூடிவைத்து எழுதியவர்களுக்கு நூற்றுக்கு 56 பங்கு நினைவிருந்தது. இரண்டு முறை படித்தவர்களுக்கு 42 பங்குதான். ராத்திரி ஒப்பித்துவிட்டுக் காலையில் பரீட்சை எழுதுகிற பிள்ளை தப்பித்துக்கொள்வதும், அதே பிள்ளை அரையாண்டில் முழிப்பதும் இதனால்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நீங்கள் ராட்டையை நிறுத்தக்கூட வேண்டாம். இருபது நிமிடம் அவன் படிக்கட்டும். அப்புறம் புத்தகத்தை மூடி உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கண்ணு, இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குக் கதையாச் சொல்லு" என்று கேளுங்கள். பாபர் பாடம் என்று வைத்துக்கொள்வோம். "பானிபட் போர் நடந்ததும்மா" என்பான். யாருக்கும் யாருக்கும் சண்டை? பாபருக்கும் இப்ராஹிம் லோடிக்கும். எந்த வருஷம்? 1526. யார் ஜெயித்தது? பாபர். யார் படை பெரிசு? லோடியின் படைதான். அப்புறம் பாபர் எப்படி ஜெயித்தான்? இங்கே பையன் நிற்பான். கூரையைப் பார்ப்பான். பாதிப் பக்கம் காலியாகப் போகிற இடம் இதுதான் அம்மா, உங்கள் கண் முன்னாலேயே தெரிந்துவிடும்.

உடனே திட்டாதீர்கள், பதிலையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். கொஞ்சம் யோசிக்க விடுங்கள். வரவில்லை என்றால் புத்தகத்தைக் கொடுங்கள். அந்த இடத்தை மட்டும் தேடிப் பார்த்து, "பீரங்கி வெச்சிருந்தாராம்மா" என்பான். மறுபடி மூடிவிட்டு அந்தத் துண்டை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தறியில் இழை அறுந்தால் அந்த இழையைத்தானே முடிவீர்கள், நெய்த சேலையைப் பிரிப்பதில்லையே! பாடம் முழுவதையும் முதலிலிருந்து படிக்கச் சொல்லி அவனை நோகடிக்காதீர்கள்.

யார், எங்கே, எப்போது, எதற்கு, எப்படி. இந்த ஐந்தையும் கேட்க ஆறாவது வரை படித்ததே அதிகம். உங்களுக்குப் பாடம் தெரியாதது ஒரு விதத்தில் நல்லது என்பேன். தெரிந்தவர்கள் பாதியிலேயே குறுக்கே விழுந்து தாங்களே சொல்லிவிடுவார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வாய் திறக்காமல் போகிறார்கள்.

இன்னொன்று. அதே பாபரை மறுநாள் இரண்டு நிமிடம் கேளுங்கள். நாலைந்து நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-இல் புத்தகமாகப் போட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அர்த்தமுள்ள பாடம் அவ்வளவு வேகமாக ஓடாது, ஆனாலும் ஓடும். முழுசாக ஓடுவதற்குள் ஒரு தடவை திருப்பிக் கேட்டுவிட்டால் அடுத்த முறை மெதுவாகத்தான் மறக்கும்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேரன் நாலாவது படிக்கிறான். 16-ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடமாகத் தெரிய வேண்டும் என்கிறேன் நான். செல்போனிலேயே கணக்குப் போடுகிற காலத்தில் எதற்கு என்கிறான் என் மகன். யார் பக்கம் நியாயம்?
– ஒரு தாத்தா, சூரமங்கலம்

உங்கள் பக்கம்தான் ஐயா, ஆனால் பத்து வரை இப்போதைக்குப் போதும். வகுத்தலும் பின்னமும் வரும்போது ஏழெட்டு எவ்வளவு என்று விரலை எண்ணிக்கொண்டிருந்தால், கணக்கு எதைக் கேட்கிறது என்பதே பிள்ளைக்கு மறந்துபோகும்.

ஆனால் ஒன்று, ராகம் போட்டு ஒப்பிக்க விடாதீர்கள். "ஓரேழு ஏழு" என்று ஆரம்பித்தால்தான் 56-க்கு வந்து சேருகிற பிள்ளைகள் ஏராளம். நடுவிலிருந்து கேளுங்கள். ஏழெட்டு? ஆறொன்பது? எதை எதால் பெருக்கினால் 42? உழவர் சந்தைக்குப் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். கத்தரிக்காய் கால் கிலோ 9 ரூபாய் என்றால் ஒன்றே முக்கால் கிலோ எவ்வளவு? பேரன் சரியாகச் சொன்னால் கரும்புச்சாறு வாங்கிக் கொடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் நீங்கள் குடிக்க வேண்டாம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மகள் பத்தாவது. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிக் காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைத்தாலும் தூங்கி வழிகிறாள். அளவியல் பாடத்தில் வீட்டுக் கணக்கெல்லாம் சரியாகப் போட்டுவிட்டுப் பரீட்சையில் கோட்டை விடுகிறாள். என்ன செய்ய?
– ஒரு தகப்பனார், ஏற்காடு

முதலில் தூக்கம். நாலு மணிக்குப் படித்தால் மனசில் பதியும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிற பிள்ளைக்கு அது சரிப்படலாம். உங்கள் மகள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று எழுதவில்லையே! பதினொரு மணிக்குப் படுத்தால் அஞ்சு மணி நேரம்தான். அந்த வயசுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பகலில் படித்ததை மூளை சேர்த்துவைக்கிற வேலையும் தூக்கத்தில்தான் நடக்கிறது. அதை வெட்டினால் படித்த படிப்பும் சேர்ந்து போகும். அதிலும் பனியில், மலை இருக்கிற இடமே தெரியாத நேரத்தில், பாவம் அந்தப் பிள்ளையை ஏன் எழுப்புகிறீர்கள்? ஆறு மணிக்கு எழுந்திருக்கட்டும். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிற மாதங்களில்தான் உங்களுக்குப் பழம் பறிக்கிற வேலையும். லீவு நாளில் அவளையும் பறிக்க அனுப்புகிறீர்கள் என்றால் அதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. வீட்டில் சரியாக வந்து பரீட்சையில் தப்பாவதற்குக் காரணம் அநேகமாக இதுதான். புத்தகத்தில் உருளைக் கணக்கெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். முதல் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தெரிந்துவிட்டால் மீதிக்கும் அதேதான். எண்ணை மாற்றிப் போட்டால் விடை வந்துவிடும். பரீட்சையில் யாரும் "இது கூம்பு, சூத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கை மறந்துவிடாதே" என்று சொல்லப்போவதில்லை. வாளியில் தண்ணீர் என்று கேட்பார்கள், அது கூம்பின் இடைக்கண்டம் (நுனியை வெட்டிய கூம்பு) என்று பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் கணக்குகளைக் கலந்துவிடுங்கள். காலி காப்பித்தூள் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம் எல்லாவற்றிலிருந்தும் பக்க எண்ணும் கணக்கு எண்ணும் சீட்டில் எழுதி உள்ளே போட்டுக் குலுக்குங்கள். தினம் ஐந்து சீட்டு. எடுத்ததும் போட ஆரம்பிக்கக்கூடாது. இது என்ன உருவம், கேட்பது கன அளவா புறப்பரப்பா, எந்தச் சூத்திரம், ஏன் என்று உங்களிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும்.

ஆரம்பத்தில் தப்பு அதிகம் வரும், பயந்துவிடாதீர்கள். ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவுக் கணக்குகளைக் கலந்து போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது நூற்றுக்கு 60 எடுத்தார்கள்; ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகை என்று போட்டவர்கள் 89. ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தால் கலந்து போட்டவர்கள் 63, மற்றவர்கள் 20. வீட்டில் வரும் மார்க்கைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. ஒரே அறை, சத்தம், ஆள் நடமாட்டம். இரண்டு பிள்ளைகள்: மகள் ஆறாவது, மகன் ஒன்பதாவது. "புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கு, போன் வேணும்" என்று வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வருவதில்லை.
– ஒரு வாசகி, சிவதாபுரம்

போன் திரும்பி வராது தங்கச்சி, போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும். க்யூஆர் கோடு பொய்யில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கிறது, வீடியோவும் நல்லதுதான். உங்கள் எதிரிலேயே அந்த ஒரு வீடியோவைப் பார்க்கட்டும். பார்த்ததும் போன் பரணுக்கு. அப்புறம் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.

தனி அறைக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? பட்டறைச் சத்தம் தினமும் ஒரே மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்குப் பழகியிருக்கும். டிவி வசனமும் பெரியவர்கள் பேச்சும்தான் காதைப் பிடித்து இழுக்கும். அரை மணி நேரம் அதை மட்டும் நிறுத்துங்கள்.

உங்கள் வீட்டில் கொலுசு வைக்கும் காலி டப்பா கிடக்குமே, மூன்று எடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. ஒரு மதிப்பெண் கேள்வி, ஆங்கிலச் சொல், அறிவியல் வரையறை எல்லாம் இதற்குப் பொருந்தும். எல்லாச் சீட்டும் முதல் டப்பாவில் தொடங்கும். முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பானால் எந்த டப்பாவில் இருந்தாலும் திரும்ப முதல் டப்பாவுக்கு. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1970-களில் பரப்பிய முறை இது. தெரியாதது அடிக்கடி வரும், தெரிந்தது நேரத்தைத் தின்னாது. சின்னவளைப் பெரியவன் கேட்கட்டும், பெரியவனைச் சின்னவள் கேட்கட்டும். அண்ணன் தப்பு செய்வதைப் பிடிக்கிற ஆசையிலேயே சின்னவள் ஒன்பதாம் வகுப்பு அறிவியலைக் கற்றுக்கொள்வாள், பாருங்கள்.

மகள் நாலு கலரில் ஹைலைட்டர் போட்டுப் புத்தகத்தையே ரங்கோலி ஆக்கிவிட்டாள். மார்க் மட்டும் ஏறவில்லை. டியூஷன் அனுப்பட்டுமா?
– ஒரு வாசகர், அழகாபுரம்

பத்து விதமான படிப்பு முறைகளை அலசி 2013-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. வர்ணம் பூசுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அதில் கடைசி வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசை.

டியூஷனுக்கு முன்னால் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். ஒரு பாடம் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவுக்கு வந்ததை நீலப் பேனாவால் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்க்கட்டும். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் நீங்கள் கேளுங்கள். ஒரு மாதம் கழித்தும் சிவப்பு குறையாத பாடம் எது என்று பார்த்து, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷன் வையுங்கள். சேர்க்கும்போது அந்தத் தாள்களையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.