திரும்பப் படித்த பாடமும் பழைய பெறுபேறும்

கேள்வி: மகள் அமெரிக்காவில் இளமாணி இறுதியாண்டு. இயன்மருத்துவக் கலாநிதிப் படிப்புக்கு பி.டி.காஸ் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் பொது இணையச் சேவை) வழியாக விண்ணப்பிக்கிறாள். உடற்கூற்றியலில் முதலில் டி, அதே பல்கலைக்கழகத்தில் திரும்பப் படித்து பி. பல்கலைக்கழகமே பழையதைக் கணக்கில் சேர்க்காதபோது நாங்கள் எழுத வேண்டுமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: எழுதத்தான் வேண்டும். நம் உயர்தரத்தில் மூன்று தடவை தோற்றி, நல்ல பெறுபேற்றை வைத்து விண்ணப்பிக்கிறோமே, அந்தப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். பல்கலைக்கழகம் தன் ஜி.பி.ஏ.யில் (தரப் புள்ளிச் சராசரியில்) எதைக் கழித்தாலும் பி.டி.காஸ் இரண்டையும் கூட்டும். 4 கிரெடிட் பாடம் என்று வையுங்கள்: டிக்கு கிரெடிட்டுக்கு 1 வீதம் 4 புள்ளி, பிக்கு 3 வீதம் 12. பல்கலைக்கழகக் கணக்கில் 12ஐ 4ஆல் வகுத்து 3.00. பி.டி.காஸில் 16ஐ 8ஆல் வகுத்து 2.00. திரையில் எண் இறங்கியதும் பிழை என்று பதறாதீர்கள்.

ஒவ்வொரு தடவையையும் அது படித்த தவணையின் கீழேயே, அப்போது வாங்கிய அதே தரத்துடன் பதிய வேண்டும். இரண்டு வரிகளிலும் ‘ரிப்பீட்டட்’ என்று குறிக்க வேண்டும். பலர் பிந்தியதில் மட்டும் குறித்து விடுகிறார்கள். டிரான்ஸ்கிரிப்டில் (பல்கலைக்கழகம் தரும் பெறுபேற்றுப் பத்திரத்தில்) முதல் தடவைக்கு 0 கிரெடிட் என்று மாற்றியிருந்தாலும், அப்போது எடுத்த 4ஐத்தான் போட வேண்டும். இடையில் கைவிட்டு டபிள்யூ வாங்கிய பாடத்தையும் பதிய வேண்டும், ஆனால் அது ‘ரிப்பீட்டட்’ ஆகாது, ஜி.பி.ஏ.யையும் தொடாது. டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பதியச் சொல்லுங்கள். சரிபார்ப்பவர்களும் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். விட்ட வரி அகப்பட்டால் விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வரும், நாள்கள் வீணாகும்.

முன்தேவைப் பாடங்களுக்கான பகுதி வேறு. அங்கே கூடிய தரத்தை எடுப்பதா, சராசரி பார்ப்பதா, எத்தனை தடவை திரும்பப் படிக்கலாம் என்பதெல்லாம் அந்தந்தக் கல்லூரியின் முடிவு. விண்ணப்பிக்கும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பார்க்க வேண்டும். ‘பழைய தரம் மறைந்துவிடும்’ என்று யாராவது சொன்னால், ஒஸ்டியோபதி மருத்துவத்துக்கான ஆகோமாஸ் விண்ணப்பத்தின் பழைய விதியைச் சொல்கிறார்களாக இருக்கும். அங்கும் அது 2017 மே மாதத்தோடு நின்றுவிட்டது.

கேள்வி: மகன் பௌதிகவியலில் சி. இப்போது வேறொரு சமூகக் கல்லூரியில் அதைத் திரும்பப் படிக்கிறான். அவனும் பி.டி.காஸ்தான். எப்படிப் பதிவது?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ‘ரிப்பீட்டட்’ குறி ஒரே நிறுவனத்தில் திரும்பப் படித்ததற்கு மட்டும். இவருக்கு அது வேண்டாம். இரண்டு நிறுவனங்களின் கீழும் தனித்தனியே பதிந்தால் போதும். புதியதை ‘இன் ப்ரோக்ரஸ்’ (படித்துக்கொண்டிருப்பது) என்று போட்டு, பெறுபேறு வந்தபின் அதற்கென்று திறக்கும் காலத்துக்குள் தரத்தைச் சேர்க்க வேண்டும். ஒரேயொரு பாடம் படித்த கல்லூரி என்றாலும் அதன் டிரான்ஸ்கிரிப்ட் அங்கிருந்தே நேராகப் போக வேண்டும். கொழும்பில் ஸ்கேன் செய்து நீங்கள் அனுப்பும் பிரதி செல்லாது.