கடைக்கு வாங்கிய ஜெராக்ஸ் மிஷினுக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: அருப்புக்கோட்டையில் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு டீலரிடம் 1,48,000 ரூபாய்க்குப் புது மிஷின் தவணையில் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. ஐந்தாவது மாதத்திலிருந்து பிரிண்டில் கறுப்புக் கோடு விழுகிறது, பேப்பர் சிக்குகிறது. மூன்று முறை ஆள் வந்து பார்த்தும் சரியாகவில்லை. இப்போது “வெளி டோனர் போட்டிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்கிறார்கள். டோனரை அந்த டீலரிடமே பில் போட்டுத்தான் வாங்கினேன். “தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் நிற்காது, எனக்குத் தெரிந்த வழியில் முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் 3,000 ரூபாய் முன்பணமும் அசல் பில்லும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஜெயித்தால் 30 சதவீதம் அவருக்கு. கடையைப் பார்ப்பது நானும் கணவரும்தான். காலேஜ் சீசனில் மட்டும் ஒரு பெண் உதவிக்கு வருவாள். நான் வழக்குப் போடலாமா? அதுவரை தவணை கட்டுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: போடலாம் அம்மா. நீங்களே போடலாம். தவணையை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மிஷின் கெட்டது உங்களுக்கும் டீலருக்கும் கம்பெனிக்கும் உள்ள விவகாரம். கடன் கொடுத்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் இறங்கும், வசூலுக்கு ஆள் வருவார்கள், வழக்கில் எதிர்த்தரப்பும் “இவரே பணம் கட்டாதவர்” என்று பேசும். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுங்கள்.

இனி உங்கள் முக்கியமான பயத்துக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று ஒரு வரி இருப்பது உண்மை. அந்த மனிதர் உங்களிடம் சொன்னது அதைத்தான். ஆனால் அதற்குக் கீழேயே ஒரு விளக்கமும் இருக்கிறது. சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டும் ஒருவர் பொருளை வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்கிறது அந்த விளக்கம். அதை அவர் சொல்லவில்லை. சொன்னால் 3,000 ரூபாய் கைக்கு வராது.

இந்த விளக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கை இன்றுவரை எல்லா நுகர்வோர் ஆணையத்திலும், அதாவது நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்டிலும், எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். அங்கிருந்து மிஷின் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் அது சரியில்லை என்று வழக்குப் போட்டது. பெரிய அளவில் லாபத்துக்கு உற்பத்தி செய்யும் இடம் என்பதால், அவர்கள் நுகர்வோர் இல்லை என்று முடிவாயிற்று. வாங்கியவர் தோற்ற வழக்குதான். ஆனாலும் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று அந்தத் தீர்ப்பு உதாரணத்தோடு சொல்லிவிட்டது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். அதே ஆட்டோவை முழுக்க முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை. லேத் மிஷினுக்கும் அதே கணக்கு. தானே ஓட்டுபவர் உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றும் அதில் இருக்கிறது. ஆக, சீசனுக்கு வரும் அந்தப் பெண்ணை நினைத்துப் பயப்பட வேண்டாம். கணவர் மிஷினை ஓட்டுவதும் பிரச்சினை இல்லை. அடுத்து வந்த ஒரு செங்கல் மிஷின் வழக்கில், ‘தானே’ என்பதில் குடும்பத்தாரும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எப்போது இது கை கொடுக்காது என்பதையும் பாருங்கள். உங்களுக்கு நாலு ஊரில் கடை, ஒவ்வொன்றிலும் சம்பளத்துக்கு ஆள், நீங்கள் மாலையில் கல்லாவை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறீர்கள் என்றால் கஷ்டம். மிஷினை வாங்கி வேறொருவருக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தாலும் கஷ்டம். பில் கடையின் பெயரில் இருப்பதோ, ஜிஎஸ்டி எண் போட்டிருப்பதோ மட்டும் உங்களைத் தோற்கடித்துவிடாது. எதிர்த்தரப்பு அதைக் காட்டிக் காட்டிப் பேசும், பேசட்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்பதை அப்படிச் சொல்பவர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும் என்று 2024-ல் ஒரு சிட் ஃபண்ட் (சீட்டு) நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அவர் நிரூபித்தால், இது என் பிழைப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களிடம் வரும். அதற்குத் தயாராக இருங்கள். கடை வாடகை ஒப்பந்தம், கடையில் நீங்கள் இருவரும் வேலை செய்யும் நாலு படம், வேறு வருமானம் இல்லை என்பதற்கான வங்கிக் கணக்கு விவரம், இவை போதும். மனுவிலேயே ஒரு பத்தியில் “இந்த மிஷின் எங்கள் குடும்பத்தின் பிழைப்புக்காக வாங்கியது, நானும் என் கணவரும்தான் இயக்குகிறோம்” என்று பச்சையாக எழுதிவிடுங்கள். இந்த ஒரு பத்தி இல்லாமல் நல்ல வழக்குகள் முதல் கட்டத்திலேயே தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் அந்த இடைத்தரகர்கள் செய்யும் பெரிய கெடுதல் இருக்கிறது. மனுவில் பெரிய தொகை இருந்தால்தான் தன் 30 சதவீதம் பெரிதாகும் என்று, “தினமும் 6,000 ரூபாய் வியாபாரம் போயிற்று, பத்து லட்சம் நஷ்டஈடு வேண்டும்” என்று எழுதுவார்கள். படிக்கிற நீதிபதி என்ன நினைப்பார்? தினமும் 6,000 ரூபாய் பார்க்கிற கடை பிழைப்புக்கு நடக்கும் கடையா, பெரிய வியாபாரமா? எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேறொரு மிஷின் கொடு, இல்லையென்றால் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. இவ்வளவு கேளுங்கள்.

அவர் வக்கீல் என்று சொல்லிக்கொண்டால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று ஒரு வக்கீல் பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி தவறு. வக்கீல் இல்லையென்றால், நுகர்வோர் ஆணையத்தில் ஆஜராவதையே தொழிலாக நடத்த அவருக்கு உரிமை கிடையாது. எப்படிப் பார்த்தாலும் அந்த 30 சதவீதப் பேச்சுக்கு இடமில்லை. ‘அகில இந்திய’ என்று தொடங்கும் பெயரும் அசோகத் தூண் மாதிரி ஒரு சின்னமும் போட்ட விசிட்டிங் கார்டு வைத்திருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். இப்படிப்பட்டவர்கள் டீலரிடமும் போய் “நான் பேசி அடக்கிவிடுகிறேன்” என்று அந்தப் பக்கமும் வாங்குவார்கள். கடைசியில் உங்களிடம் ஒரு சமரசத் தாளை நீட்டுவார்கள். ‘முழுத் திருப்தி, இனி கோரிக்கை ஏதும் இல்லை’ என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது.

கையெழுத்து என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. மூன்று முறை வந்த சர்வீஸ் ஆள் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா? ‘மிஷின் ஓகே’ என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள், அல்லது வெறும் தாளில் வாங்கிக்கொண்டு ஆபீஸில் நிரப்புவார்கள். மாவு மிஷின் வைத்துப் பிழைக்கும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். மோட்டார் ஆறு முறை நின்றுபோயிருக்கிறது. கம்பெனி கொண்டுவந்து கொடுத்த ஆறு தாளிலும் ‘நன்றாக இயங்குகிறது’ என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து. அதைத் தாண்டி வர எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. வேலை செய்ய வந்த பையன் பாவம், அவசரத்தில் நிற்கிறான், ஒரு கையெழுத்துதானே என்று போட்டுவிடுகிறோம். இனி யார் வந்தாலும் முதலில் கோடு விழுந்த ஒரு பிரிண்ட் எடுத்து, தேதியும் மீட்டர் ரீடிங்கும் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். அவர் நீட்டும் தாளில் ‘கோடு இன்னும் விழுகிறது, பழுது சரியாகவில்லை’ என்று உங்கள் கையால் தமிழில் எழுதிவிட்டு அப்புறம் போடுங்கள். எழுத விடவில்லையென்றால் போடாதீர்கள். தாளைப் படம் எடுத்து அன்றைக்கே டீலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய மூன்று தாள்களின் நகலைக் கேட்டும் ஒரு செய்தி போடுங்கள். தரவில்லையென்றால் அதுவும் நமக்கு ஒரு ஆதாரம்தான்.

வெளி டோனர் கதைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டீலர் கொடுத்த டோனர் பில்களே பதில். காலி டோனர் டப்பாக்களை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அட்டைப்பெட்டியோடு வைத்திருங்கள்.

வழக்குப் போட மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போட இடம் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. நீங்கள் வசிக்கிற, அல்லது தொழில் செய்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே போடலாம். விருதுநகர் மாவட்ட ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம். டீலர், தயாரித்த கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் விட்டவரைக் கை காட்டுவார். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்கு முன்னால், வக்கீல் நோட்டீஸ் அனுப்பாமல் வழக்குப் போட முடியாது என்று யாராவது 2,000 ரூபாய் கேட்டால் நம்பாதீர்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. நீங்களே ஒரு பக்கத்தில் நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும். அந்த 15 நாளில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். தமிழில் பேசலாம். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்து எதுவும் தீராமல் இருந்தால் அதைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் சேருங்கள்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து மூன்று மாதம், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம், இதற்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பி நாள்காட்டியில் குறித்து வைக்காதீர்கள். தலைவர் பதவி காலி, உறுப்பினர் பதவி காலி என்று ஆணையங்கள் கிடந்த நிலை பொறுக்காமல் 2021-ல் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கெடுத்து அரசுகளைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. ஒரு ஜெராக்ஸ் மிஷினில் கோடு விழுகிறதா இல்லையா என்று பார்க்க எத்தனை வாய்தா வேண்டும்? சாமானியருக்காக, சுருக்கமாக, செலவில்லாமல் என்று சொல்லிக் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், கடையை ஒரு நாள் பூட்டி, ‘எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கிறது’ என்று கேட்டுத் திரும்பி வருபவருக்கு யார் பதில் சொல்வது? ஒரு பிடிமானம் இருக்கிறது. எதிர்த்தரப்பு பதில் மனு போட 30 நாள், கெஞ்சிக் கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸ் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த தேதியை எழுதி வையுங்கள். 45 நாள் தாண்டினால் எழுந்து நின்று சொல்லுங்கள். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு போடலாம், பொறுமை இருந்தால். ஆவணங்களை ஸ்கேன் செய்வது உங்களுக்கு ஒரு சிரமமே இல்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது அந்த அசல் பில்லைத் திரும்ப வாங்குவது. “வழக்கை நானே பார்த்துக்கொள்கிறேன், பில்லையும் 3,000 ரூபாயையும் திருப்பித் தாருங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். பணம் வருகிறதோ இல்லையோ, பில் வர வேண்டும். இழுத்தடித்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். டீலரின் கணினியில் அந்தப் பில் இருக்கிறது, நகல் கேட்டு எழுதுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்திடமும் ஒரு பிரதி இருக்கும். அது இல்லாமல் உங்களுக்குக் கடனே கொடுத்திருக்க மாட்டார்கள்.