வெளியேறும் உரிமை இருந்தால் போதுமா?

சிறுபான்மைச் சமூகத்தின் பண்பாட்டு உரிமையைக் காப்பாற்றினால், அதற்குள் இருக்கும் தற்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் கைவிட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன்.

அந்த உரிமை யாருடையது என்று பாருங்கள். 1966-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, சிறுபான்மையைச் சேர்ந்த 'நபர்களுக்கு' அதைத் தருகிறது. சமூகப் பெரியவர்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்து அல்ல. அந்தச் சமூகத்தின் மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த தற்பாலீர்ப்பாளருக்கும் அதில் சமபங்கு உண்டு.

"பிடிக்கவில்லையென்றால் வெளியேறலாமே" என்பார்கள். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வெளியேறினார். அப்பா இறந்த செய்தி அவருக்கு வந்து சேர்ந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. தாய்மொழியில் பேச ஆளில்லாமல், சமைக்கும்போது சின்ன வயதுப் பிரார்த்தனைகளைத் தனக்குத்தானே முணுமுணுப்பார். அவரை ஏற்றுக்கொண்ட புது நண்பர்களோ, "உங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார்கள். அவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இழப்புதான். வெளியேறும் வழி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். ஆனால் அதைக் காட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

வில் கிம்லிக்கா என்ற கனடியச் சிந்தனையாளர் ஒரு கோடு போடுகிறார்: வெளியிலிருந்து வரும் நெருக்கடியிலிருந்து சமூகத்தைக் காப்பது வேறு, அந்தச் சமூகம் தன் உறுப்பினர்களையே அடக்குவது வேறு. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பும் இதே வழியில்தான் போகிறது. 9-ஆவது பிரிவு பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 31-ஆவது பிரிவு பண்பாட்டு உரிமையைத் தந்துவிட்டு, மற்ற அடிப்படை உரிமைகளுக்கு முரணாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

அதற்காக அரசு தடியோடு உள்ளே நுழைய வேண்டும் என்று சொல்லவில்லை. தன் பெரும்பான்மையின் வெறுப்பைக் கண்டுகொள்ளாத அரசு சிறுபான்மைக்கு மட்டும் பாடம் எடுத்தால் யார் நம்புவார்கள்? மாற்றம் உள்ளிருந்தும் வரும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தற்பாலினத் திருமணத்துக்குத் தடை இருந்த காலத்திலேயே, 2008-இல், அங்குள்ள கோக்வில் பழங்குடியினர் அத்தகைய திருமணத்தை ஏற்றுத் தங்களுக்கென்று சட்டம் இயற்றினார்கள்.

அரசு உடனே செய்யக்கூடியவையும் உண்டு. சமூகத்தின் கருத்தைக் கேட்கும்போது பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் அதிலுள்ள தற்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் அழைக்க வேண்டும். அப்புறம், உதவி கேட்டு வருபவருக்கு மொழிபெயர்ப்பாளரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். என் நண்பருக்கு முதல்முறை வந்தவர் அவருடைய மாமாவுக்குத் தெரிந்தவர். நண்பர் வாயே திறக்காமல் எழுந்து வந்துவிட்டார்.