அந்த பாரக்ஸில் யார் இல்லை?

அன்புள்ள ஐயா,

'பக் பிரைவேட்ஸ்' (1941) என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம் பார்த்தேன். காமெடி ஜோடியான அபட்டும் கோஸ்டெல்லோவும் போலீஸ்காரரிடம் தப்பிக்க ஒரு தியேட்டருக்குள் ஓடி, அங்கே நடக்கும் ஆள்சேர்ப்பில் மாட்டிப் பட்டாளத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். நன்றாகச் சிரித்தேன். ஆனால் கோஸ்டெல்லோவின் குண்டு உடம்பைக் கேலி செய்வது சரியா? மற்றபடி, பணக்கார வீட்டுப் பிள்ளையும் அவனிடம் வேலை பார்த்தவனும் ஒரே பாரக்ஸில், அதாவது சிப்பாய்கள் தங்கும் கூடத்தில், படுக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே எவ்வளவு சமத்துவம்!

க., கோவை

அன்புள்ள க.,

குண்டு உடம்பை விடுங்கள். துப்பாக்கியோடு டிரில் செய்யும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். அந்த உடம்பு தடுமாறுவதில் எத்தனை லாவகம்!

சமத்துவம் என்று எழுதிவிட்டீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே. அந்த பாரக்ஸில் யார் யாருக்குக் கட்டில் கிடைத்தது என்று பார்த்த நீங்கள், யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஏன் பார்க்கவில்லை? அங்கே ஒரு கறுப்பினச் சிப்பாய்கூட இல்லை. 1940 செப்டம்பரில் அமெரிக்கா கொண்டுவந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் இனப் பாகுபாடு கூடாது என்றது. அடுத்த மாதமே போர்த்துறை, கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே படைப்பிரிவில் கலக்க மாட்டோம் என்று அறிவித்தது. இந்தப் பிரிவினையை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஆணை பிறப்பிக்க 1948 ஆனது. படத்தில் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடும் பாட்டை ரசித்திருப்பீர்கள். அந்த பூகி வூகி தாளம் கறுப்பினப் பியானோக் கலைஞர்கள் உருவாக்கியது. அவர்கள் இசை முகாமுக்குள் வரலாம், அவர்கள் வரக்கூடாது. இதையா சமத்துவம் என்கிறீர்கள்?

எனக்கு இது பெரியப்பாவால் தெரிந்தது. போர்க்காலத்தில் அவர் அசாமில் ராணுவ லாரி ஓட்டினார். லெடோவிலிருந்து பர்மாவுக்குள் மலையைக் குடைந்து அமெரிக்கர்கள் சாலை போட்டார்கள். அதில் வேலை செய்த ஏறத்தாழ 15,000 அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். கொட்டும் மழையில், முழங்கால் சேற்றில் அவர்கள் புல்டோசர் ஓட்டியதைப் பெரியப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். லாரி சேற்றில் புதைந்த ஒரு ராத்திரி, அவர்களில் இரண்டு பேர் சங்கிலி கட்டி இழுத்துவிட்டு, டின் பாலும் கொடுத்து அனுப்பினார்களாம்.

நான் கல்லூரியில் படிக்கும்போது இந்தப் படத்தின் கேசட்டை வாடகைக்கு எடுத்துவந்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். அமெரிக்கப் பட்டாளம் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதிப் படத்தில், "என்னடா, அந்தப் பசங்க ஒருத்தனையும் காணோமே?" என்றார்.

"காமெடிப் படம்தானே பெரியப்பா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் சிரிக்கவுமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது.