கங்காவுக்கு என்ன நோய்?

(உளநலக் கேள்வி பதில். பதிலளிப்பவர் கிளிநொச்சியில் பணியாற்றும் உளவளத்துணையாளர்.)

கேள்வி: அக்கா, ‘சந்திரமுகி’ படத்தில் கங்காவுக்கு வந்தது உண்மையான நோயா? எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை சில இரவுகளில் குரல் மாறிப் பேசுகிறாள். ஊரில் அவளுக்குச் ‘சந்திரமுகி’ என்றே பட்டம் வைத்துவிட்டார்கள்.
– வாசகி, முள்ளியவளை

பதில்: தங்கச்சி, 2005இல் வந்த அந்தப் படத்தில் மருத்துவர் சரவணன் அதை இரட்டை ஆளுமை என்கிறார். என்னைக் கேட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் உள்ள ஆட்கொள்ளல் கோளாறுதான் கங்காவுக்குக் கூடுதலாகப் பொருந்தும். இறந்தவரோ தெய்வமோ தன்னை ஆள்வதுபோல ஒருவர் நடந்துகொள்வார்; அது அவர் விரும்பி வருவதல்ல. என்றோ இறந்த நடனக்காரியாக மாறிக் கங்கா தெலுங்கு பேசுவது இதற்குத்தான் நெருக்கம்.

அதே வகைப்பாடு ஒரு நிபந்தனையும் வைக்கிறது. ஒரு சமூகம் தன் வழிபாட்டின் பகுதியாக ஏற்றுக்கொண்டதை நோய் என்று சொல்லக்கூடாது. வற்றாப்பளை அம்மன் பொங்கலில் உருவேறி ஆடுகிற தாய் நோயாளி அல்ல. ஆடி முடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பாள். உங்கள் ஒழுங்கைப் பிள்ளையின் தூக்கமும் படிப்பும் கெடுகின்றன என்றால், அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

படத்தில் பழிதீர்ந்ததாக நம்பவைத்து ஒரே இரவில் குணமாக்கிவிடுகிறார்கள். நிஜத்தில் மாதக்கணக்கில் பேச வேண்டியிருக்கும். அதற்கு முன்னரே விசாரிக்க நிறைய உண்டு. எப்போது தொடங்கியது? தூங்கி எழும்போது மட்டுமா? வலிப்பில் சில வகைகளில் கைகால் இழுக்காது. கண் திறந்தபடியே பொருத்தமில்லாமல் பேசுவார்கள். அதை மருத்துவர்தான் பிரித்தறிய முடியும்.

எங்கள் வன்னியில் நான் இன்னொன்றும் கேட்பேன். அவள் யாருடைய குரலில் பேசுகிறாள்? அந்த வீட்டில் 2009இல் யார் இல்லாமல் போனார்கள்? போர் முடிவில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டுத் திரும்பி வராத ஒரு மாமாவின் பெயரைச் சொல்லவே பயப்படுகிற வீட்டில், அவர் கதை ஒரு பிள்ளையின் வாயால் வெளிவரக்கூடும். பேயோட்டப் போகிறவர்கள் அதைக் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கோயிலில் நூல் கட்டுவதை நான் தடுப்பதில்லை. அடிப்பதையும் மிளகாய்ப் புகை காட்டுவதையும் தடுப்பேன்.

தாயோடு பேசுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லட்டும். உளநல உதவி இலக்கம் 1926. அந்தப் பட்டத்தை உங்கள் வீட்டிலாவது இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: ‘கஜினி’யில் வருவதுபோல 15 நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகுமா?
– வாசகர், பரந்தன்

பதில்: புதிய நினைவு பதியாமல் போவது உண்மை. 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட அமெரிக்கர் ஹென்றி மொலைசன், 2008இல் இறக்கும்வரை அப்படித்தான் வாழ்ந்தார். நிமிடக் கணக்கு கதைக்கானது. கவனம் திரும்பிய மறுகணமே நினைவு போய்விடலாம். போரில் தலையில் எறிகணைத் துண்டு பட்டவர்கள் பலருக்கு மறதி இவ்வளவு முழுமையாக இருப்பதில்லை. சொன்னது நழுவும், கோபம் சட்டென்று வரும். வீட்டார் அதைப் பொய் என்றும் திமிர் என்றும் ஏசுகிறார்கள். அது காயத்தின் விளைவு. படத்தில் நாயகன் எழுதிவைக்கும் குறிப்புகள் மிக நல்ல வழி. காயப்பட்டவருக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள், தினமும் அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.