வினா எழுதுகிற பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா எதற்கு?

ஐயா, உங்கள் மகள் பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் 94, கணிதத்தில் 61 வாங்கியிருக்கிறாள். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமன், பெயர் பெற்ற ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது நிர்வாகமே நிரப்பும் இடங்களில், கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 12 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று எழுதிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் என் பதில் அது இல்லை. பத்திரத்தை வைக்காதீர்கள்.

முதலில் பணக் கணக்கு. 12 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 20,500 ரூபாய். நூற்பாலையில் உங்கள் சம்பளம் 18,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு வேலை கிடைத்த பிறகு அவள் கட்டுவாள் என்கிறார் மாமா. கிடைக்கத் தாமதமானால் அந்தத் தவணையை அவரா கட்டப் போகிறார்?

இன்னொன்று, இது உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் அவள். பொறியியல் கலந்தாய்வில் அவளைப் போன்றவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆக, அவளுக்குப் பொறியியல்தான் ஆசை என்றாலும் அந்த 12 லட்சத்துக்கு அவசியம் இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தால் இந்தச் சலுகை போய்விடும்.

ஆனால் அவளுக்குப் பொறியியலில் ஆசை இல்லை. நீங்கள் கேட்காததால் அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அண்ணனுக்காக அவள் எழுதி வைத்திருக்கும் நோட்டை எனக்குக் காட்டினாள். மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் அண்ணன் ஆங்கிலத்தில் தடுமாறுகிறான் என்று, வேலை தொடர்பான சொற்களை வைத்து அவளே பயிற்சி வினாக்கள் தயாரித்திருக்கிறாள். அதில் ஒன்று: "ஹி ஹேஸ் பீன் ____ சின்ஸ் த மில் குளோஸ்டு." மில் மூடியதிலிருந்து அவர் எப்படி இருக்கிறார் என்பது கேள்வி. சரியான விடை 'அன்எம்ப்ளாய்டு', வேலையில்லாமல். மற்ற மூன்று விடைகளில் ஒன்றாக முதலில் 'ரிடையர்டு' (ஓய்வு பெற்றவர்) என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறாள். ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "தாத்தாவாக இருந்தால் இதுவும் சரி." அதற்குப் பதிலாக 'வேக்கன்ட்' (காலி) என்று போட்டிருக்கிறாள். காரணம் கேட்டேன். வேலை விளம்பரங்களில் அந்தச் சொல்லை அண்ணன் அடிக்கடி பார்த்திருக்கிறான், அது பதவிக்குப் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது, அரைகுறையாகத் தெரிந்தவன் அதில்தான் விழுவான் என்றாள்.

பதினேழு வயதில் இந்தக் கண் எளிதில் வராது. தேர்வுகளுக்கு வினா எழுதுவதும் சரிபார்ப்பதும் உலகம் முழுவதும் ஒரு தொழில். அந்தத் தொழிலில் சரியான விடையைக் கண்டுபிடிப்பது சின்ன வேலை. தவறான விடைகளை அமைப்பதுதான் பெரிய வேலை. தவறு யாரும் தொடாத அளவுக்கு அபத்தமாகவும் இருக்கக் கூடாது, வாதாடினால் சரியாகிவிடுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. எழுதிய வினாவை முதலில் ஒரு மாணவர் கூட்டத்திடம் கொடுத்துப் பார்ப்பார்கள். எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணுவார்கள். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, சுமாராகப் படிப்பவர்கள் சரியாக எழுதியிருந்தால் கோளாறு வினாவில் இருக்கிறது என்று எடுத்து எறிவார்கள். உங்கள் மகள் பென்சிலால் செய்ததை இவர்கள் புள்ளியியலால் செய்கிறார்கள்.

வேலை சார்ந்த ஆங்கிலத்துக்கு மட்டும் எவ்வளவு வினா தேவைப்படுகிறது என்று பாருங்கள். 1979-ல் ஜப்பானில் தொடங்கிய டோயிக் தேர்வு பெரும்பாலும் அலுவலக ஆங்கிலத்தைப் பற்றியது. கேட்டலுக்கு 100 வினா, வாசித்தலுக்கு 100 வினா. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பொதுப் பிரிவில் வாசித்தலின் ஒரு பகுதியே வேலை விண்ணப்பம், சம்பளம், பணி விதிமுறை பற்றிய பத்திகள்தான். இங்கே வங்கித் தேர்வு, பணியாளர் தேர்வாணையத் தேர்வு, கல்லூரிகளின் வளாக நேர்காணல் பயிற்சி. இவை ஒவ்வொன்றையும் சுற்றிப் பாடநூல் பதிப்பகங்களும் பயிற்சி நிறுவனங்களும் இணையவழிக் கல்வி நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து வினா எழுதுகிறார்.

வழி இதுதான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம், வருடச் செலவு சில ஆயிரம் ரூபாய். மூன்று வருடமும் இலக்கணத்தையும் மொழியியலையும் விடாமல் படிக்க வேண்டும், இலக்கியம் மட்டும் போதாது. கொஞ்சம் புள்ளியியலும் கற்றுக்கொள்ளட்டும். கணிதத்தில் 61 அதற்குப் போதும். பிறகு ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1958-ல் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய நிறுவனம், 2007 முதல் மத்தியப் பல்கலைக்கழகம். ஆங்கிலம் கற்பித்தலிலும் மொழியியலிலும் முதுகலை அங்கே உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் உங்கள் கைக்கு எட்டும். நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதற்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே தயாராகலாம். பி.எட். முடித்து ஆசிரியராவது எல்லாருக்கும் தெரிந்த வழி, அது எங்கேயும் ஓடிப்போகாது.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் மாமாவின் ஐ.டி. சம்பளத்துக்கு அருகில் வராது. வீட்டிலிருந்து வினாவுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பவர்களுக்குப் பணம் தாமதமாகத்தான் வரும். இப்போது கணினியே நிமிடத்தில் நூறு வினா எழுதித் தள்ளுகிறது. அதில் பல வினாக்களில் நான்கு விடைகளில் இரண்டு சரியாக இருக்கும், அதைப் பிடிக்க 'ரிடையர்டு' என்பதை அடிக்கிற ஆள் வேண்டும். வெறுமனே எழுதுகிறவர்களுக்கு வேலை குறையும், சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்கு இருக்கும் என்பது என் கணிப்பு. இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் யாரும் உத்தரவாதம் தரவில்லை. அங்கே வீடும் பணயத்தில் இருக்கிறது, இங்கே இல்லை.

உறவினர்கள் கல்யாணப் பேச்சை இழுப்பார்கள். "என்ன படிக்கிறாள் என்று கேட்டால் பி.ஏ. என்றா சொல்வீர்கள்?" என்பார்கள். சொல்லுங்கள். மூன்று வருடம் வகுப்பில் உட்காரப் போகிறவள் அவள், கேட்பவர்கள் இல்லை.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான். முதல் விருப்பமாக ஆங்கிலத்தைப் போடுங்கள். சாதிச் சான்றிதழையும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் அதே சான்றுதான் கேட்பார்கள். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் வேண்டாம். மாமா கல்லூரிக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் ரசீதுடன் அதை இந்த வாரமே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள்.